முதல் இணையதள வேலைக்கு எவ்வளவு கேட்பது? கிருஷ்ணகிரி, தர்மபுரியில் தொழில் தொடங்குபவர்களுக்கு

"கடைக்கு ஒரு வெப்சைட் போட வேண்டும் தம்பி, எவ்வளவு ஆகும்?"

இந்தக் கேள்வி பெரும்பாலும் கல்யாண மண்டபத்திலோ டீக்கடையிலோதான் வரும். கையில் தாள் இருக்காது, யோசிக்க நேரம் இருக்காது, கேட்டவர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். வாயில் வந்த ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், அடுத்த மூன்று மாதங்களுக்கு அந்தத் தொகைதான் உங்களை ஆட்டிப்படைக்கும்.

பெங்களூரு, சென்னை ஆட்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விலைப்பட்டியல்கள் இங்கே அப்படியே ஒத்துவருவதில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி வாடிக்கையாளர்களிடம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஐந்தாறு பக்கங்கள் கொண்ட ஒரு சிறு நிறுவனத்தின் தளத்தையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆன்லைன் விற்பனைக் கடை வேறு கணக்கு. முதல் வேலையாக அதை எடுக்காமல் இருப்பதே நல்லது.

1. கேட்ட இடத்தில் தொகை சொல்லாதீர்கள்

"என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து பேசிவிடலாம் அண்ணா, இரண்டு நாளில் கொட்டேஷன் தருகிறேன்." இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "சும்மா ஒரு உத்தேசமாகச் சொல்லுங்கள்" என்று விடாமல் கேட்பார்கள். உத்தேசமாகச் சொன்ன தொகைதான் கடைசிவரை அவர்கள் நினைவில் நிற்கும். அதற்கு மேல் ஐநூறு ரூபாய் கூடினாலும், நீங்கள் விலையை ஏற்றிவிட்டதாகவே பேச்சு வரும்.

உட்கார்ந்து பேசும்போது கேட்க வேண்டியவை: தளத்தைப் பார்க்கப்போவது யார், உள்ளூர் வாடிக்கையாளரா, வெளிநாட்டில் வாங்குபவரா? தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டுமா? எழுத்தும் படங்களும் தயாராக இருக்கின்றனவா, யார் தருவார்? லோகோவின் மூல ஃபைல் இருக்கிறதா? டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, ஏற்கெனவே யாராவது வாங்கிவைத்திருக்கிறார்களா? எந்தத் தேதிக்குள் வேண்டும்? கடைசியாக, முடிவெடுப்பவர் யார்?

இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அப்பா பேசி முடித்த வேலையில், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வார இறுதியில் வந்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது இங்கே சர்வ சாதாரணம். மகனையும் முதல் பேச்சிலேயே தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு விலை போடுங்கள்

ஊர் என்ன வாங்குகிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். மாதத்துக்கு உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை முதலில் எழுதுங்கள். பெற்றோருடன் இருக்கும் ஒருவரின் மாதிரிக் கணக்கு இது:

வீட்டுக்குக் கொடுப்பது 10,000. இணைய இணைப்பும் செல்போனும் 1,300. லேப்டாப் 54,000 ரூபாய் என்றால், மூன்று ஆண்டு உழைக்கும் என்று வைத்து மாதம் 1,500. மின்சாரம், இன்வெர்ட்டர் 700. பெட்ரோல் 1,500. மென்பொருள் சந்தாக்கள் 1,000. மருத்துவத்துக்கும் சேமிப்புக்கும் 5,000. சொந்தச் செலவு 4,000. மொத்தம் 25,000.

இதை மாதத்தின் வேலை நேரமான 200 மணியால் வகுத்துவிடாதீர்கள். வாடிக்கையாளரைப் போய்ப் பார்ப்பது, கொட்டேஷன் எழுதுவது, பணத்துக்காகத் திரும்பத் திரும்ப அழைப்பது, புதிதாக ஒன்றைக் கற்பது எதற்கும் யாரும் காசு தரமாட்டார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கூலி கிடைத்தாலே பெரிது. 25 நாட்களுக்கு 75 மணி. 25,000-ஐ 75-ஆல் வகுத்தால் 333. அதை 350 என்று வைத்துக்கொள்வோம்.

இது உங்கள் தரைவிலை. இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. "மணிக்கு 350 ரூபாயா, என் மேஸ்திரிக்கே மணிக்கு இவ்வளவு தருவதில்லை" என்று பேச்சு திசைமாறும். வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியது மொத்தத் தொகை மட்டுமே.

3. வேலையை மணிக்கணக்கில் உடையுங்கள்

ஐந்து பக்கத் தளத்துக்கு நான் போடும் கணக்கு: தேவை கேட்பதும் குறிப்பெடுப்பதும் 4 மணி, பக்க அமைப்பு 3, வடிவமைப்பு 10, தளத்தைக் கட்டுவது 14, எழுத்துச் சேர்ப்பு 8, படங்களைச் சீராக்குவது 4, தொடர்புப் படிவம், வாட்ஸ்அப் பொத்தான், வரைபடம் 3, திருத்தங்கள் 6, ஏற்றிச் சோதிப்பது 4, வாடிக்கையாளருக்குச் சொல்லித்தருவது 2. ஆகமொத்தம் 58 மணி. 350-ஆல் பெருக்கினால் 20,300. எதிர்பாராத வேலைக்கு 15 சதவீதம், அதாவது 3,045 சேர்த்தால் 23,345. கொட்டேஷனில் 23,500.

இந்தப் பட்டியலில் புதியவர்கள் எல்லாரும் குறைத்துப் போடுவது எழுத்துச் சேர்ப்பைத்தான். "எழுத்தெல்லாம் நோட்டீஸில் இருக்கிறது, அப்படியே போட்டுவிடுங்கள்" என்பார்கள். நோட்டீஸ் அடித்த டிடிபி கடையிலிருந்து ஒரு கோரல் டிரா ஃபைல் வரும். அதிலுள்ள தமிழ் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஒரு வரி கூடத் தமிழாகத் தெரியாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். எல்லாக் கருவியிலும் தெரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுக்கலாம். ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் சேர்ந்து சிதையும். கொம்பும் காலும் சில இடங்களில் பிரிந்து நிற்கும். வரிவரியாகப் படித்துத் திருத்தியே ஆக வேண்டும். அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துகளைக் 'கர்வ்' ஆக்கியிருந்தால் இதுவும் நடக்காது. அது எழுத்தே அல்ல, படம். முழுவதையும் உட்கார்ந்து தட்டச்சுச் செய்ய வேண்டியதுதான்.

அதனால் தொகை சொல்லும் முன் அந்த ஃபைலை வாங்கித் திறந்து பாருங்கள். ஃபைலைப் பார்க்காமல் எழுத்துச் சேர்ப்புக்கு மணி போடாதீர்கள். யூனிகோடில் தட்டச்சுச் செய்து தந்தால் இவ்வளவு, நான் செய்தால் பக்கத்துக்கு இவ்வளவு கூடுதல் என்று இரண்டாகப் பிரித்து எழுதிவிடுங்கள்.

படங்களிலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். விசிட்டிங் கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பி "இதுதான் லோகோ" என்றால், லோகோவைத் திரும்ப வரைவதற்குத் தனித்தொகை. கூகுளில் தேடிக் கிடைத்த படத்தைப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதன் பதிப்புரிமை வேறொருவருடையது, வக்கீல் நோட்டீஸ் வந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து இழுபடும். தமிழ் எழுத்துருவுக்குச் செலவே வேண்டாம்: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் (Catamaran) போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன.

4. டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் கூலியில் சேரக்கூடாது

ஹோஸ்டிங் என்பது தளத்தை வைக்கும் சர்வர் இடத்துக்கான வாடகை. இவை இரண்டும் வாடிக்கையாளரின் செலவு. டாட் இன், டாட் காம் டொமைன்கள் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். முதல் ஆண்டுக்குத் தள்ளுபடி விலையைப் பெரிதாகக் காட்டுவார்கள். புதுப்பிக்கும் விலையைக் கீழே சிறிதாக எழுதியிருப்பார்கள். ஹோஸ்டிங்கில் இது இன்னும் மோசம். "மாதம் நூற்றுச் சொச்சம்" என்பது மூன்று, நான்கு ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் மட்டுமே. புதுப்பிக்கும்போது இரண்டு மடங்குக்கு மேலும் ஆகலாம். அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. வாடிக்கையாளரிடம் புதுப்பிக்கும் விலையையே சொல்லுங்கள். பாதுகாப்புச் சான்றிதழான எஸ்எஸ்எல்லுக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒரு சொடுக்கில் வந்துவிடும்.

வாடிக்கையாளரின் பெயர், அவருடைய மின்னஞ்சல், அவருடைய கார்டு அல்லது யுபிஐ. மூன்றும் அவருடையதாக இருக்கட்டும். "நீங்களே கட்டிவிடுங்கள், சேர்த்துத் தருகிறேன்" என்பதற்குத் தலையாட்டினால், தானாகப் புதுப்பிக்கும் வசதி அடுத்த ஆண்டு உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் அமர்ந்து அவருடைய போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டு வாங்கிச் செய்துகொடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

5. வாங்குபவர் யார் என்று பாருங்கள்

தரைவிலை எல்லாருக்கும் ஒன்றே. அதற்கு மேல் எவ்வளவு கேட்கலாம் என்பது, அந்தத் தளம் அவருக்கு என்ன சம்பாதித்துத் தரும் என்பதைப் பொறுத்தது.

பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் ஏற்றுமதியாளருக்குத் தளம் என்பது வெளிநாட்டு வாங்குபவர் முதலில் பார்க்கும் முகம். ஒரு ஆர்டர் வந்தாலே உங்கள் தொகை பலமுறை எடுபட்டுவிடும். இங்கே ஆங்கிலம் பிழையில்லாமல் இருக்க வேண்டும், பலகைகளின் நிறம் சரியாகத் தெரிய வேண்டும். கணக்கில் வந்த தொகையை ஒன்றரை மடங்காக்கத் தயங்காதீர்கள்.

மாம்பழக்கூழ் ஆலைகளுக்கும் ஏற்றுமதி உண்டு. ஆனால் காலத்தைப் பாருங்கள். மே முதல் ஜூலை வரை தோத்தாபுரி மாம்பழ வரத்து இருக்கும்போது முதலாளி போனை எடுக்கமாட்டார். எடுத்தாலும் பின்னால் லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஜனவரி, பிப்ரவரியில் பேசி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், ஏற்றுமதிச் சான்றுகள், பொருள் விவரங்களை மார்ச்சுக்குள் வாங்கிவிடுங்கள். ஆலை ஓடும் படங்கள் மட்டும் சீசனில்தான் கிடைக்கும். அதற்கு ஒருநாள் போய்வரும் செலவைத் தனியாக எழுதுங்கள்.

ஓசூர் சிப்காட் பக்கத்துச் சிறு தொழிற்கூடங்களில் பேரம் குறைவு, காகிதம் அதிகம். வெண்டர் படிவம், பான், ரத்து செய்த காசோலை, பர்ச்சேஸ் ஆர்டர் என்று நடக்கும். பணம் வரத் தாமதமாகும், ஆனால் வந்துவிடும். ஒகேனக்கல் விடுதிக்காரருக்கு வேண்டியது ஒரே பக்கம்: அறைப் படங்கள், வாடகை, போன் எண், வரும் வழி. அவரிடம் ஐந்து பக்கத்தை விற்க முயலாதீர்கள். 30 மணி, 10,500, அதோடு 15 சதவீதம், 12,000-க்கு முடியும்.

சொந்தக்காரருக்குத் தள்ளுபடி தருவதானால் முழுத் தொகையை எழுதி, அதன் கீழே தள்ளுபடியைக் கழித்துக் காட்டுங்கள். அவர் நாலு பேரிடம் சொல்லும்போது முழுத் தொகையும் பேச்சில் வர வேண்டும்.

6. கொட்டேஷனை ஒரே தாளில் முடியுங்கள்

தேதி, இரு தரப்புப் பெயர், முகவரி. எத்தனை பக்கங்கள், அவற்றின் பெயர்கள். மொழி. யார் எதைத் தர வேண்டும். எத்தனை சுற்றுத் திருத்தம் (இரண்டு போதும், மூன்றாவதிலிருந்து தனித்தொகை). தொகை, தவணைகள். டொமைன், ஹோஸ்டிங் தனி. கொட்டேஷன் 15 நாட்களுக்குச் செல்லும்.

அதைவிட முக்கியமானது "இதில் சேராதவை" என்ற பத்தி: லோகோ, படப்பிடிப்பு, மொழிபெயர்ப்பு, கூகுள் தேடலில் முதலிடம், ஃபேஸ்புக் பக்கம், பணம் செலுத்தும் வசதி. பேசும்போது வாய்க்கு வந்த எல்லாவற்றையும் இங்கே இறக்கிவையுங்கள். பணம் செலுத்தும் வசதி கேட்டால், அந்தச் சேவை நிறுவனம் வாடிக்கையாளரின் பான், வங்கி விவரம், தளத்தில் பணத்தைத் திருப்பித் தரும் கொள்கை, தனியுரிமைக் கொள்கை எல்லாம் கேட்கும். அது தனி வேலை, தனி நாட்கள்.

முத்திரைத்தாள் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இந்த அளவு வேலைக்குக் கொட்டேஷனை மின்னஞ்சலில் அனுப்பி, "சம்மதம், தொடங்கலாம்" என்று பதில் வாங்கினால் போதும். மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள்.

7. பேரத்தில் விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள்

"ஐயாயிரத்துக்குச் செய்கிறார்கள் தம்பி." இதைக் கேட்காமல் ஒரு வேலையும் முடியாது. அது பொய் என்று வாதாடாதீர்கள், பெரும்பாலும் உண்மைதான். யாரோ செய்த வார்ப்பில் (டெம்ப்ளேட்) பெயரை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். "அதுவே போதும் என்றால் அவரிடமே செய்துகொள்ளலாம் அண்ணா, எனக்கு வருத்தமில்லை" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நாமே "சரி, பதினைந்து வைத்துக்கொள்ளலாம்" என்று உளறுவதுதான் வழக்கமான சறுக்கல்.

அவர் கையில் 15,000 மட்டும்தான் இருக்கிறது என்றால் ஐந்து பக்கத்தை மூன்றாக்குங்கள், தமிழை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுங்கள், எழுத்தை அவரையே தட்டச்சுச் செய்து தரச் சொல்லுங்கள். அதே வேலையை அப்படியே வைத்துக்கொண்டு எட்டாயிரத்து ஐநூறைக் கழித்தால், முதலில் சொன்னது ஏமாற்று விலை என்றுதான் அவருக்குத் தோன்றும்.

"இதைக் குறைத்துச் செய்யுங்கள், பின்னால் நிறைய வேலை தருகிறேன்" என்பதற்கு எளிய பதில்: "இரண்டாவது வேலையில் பத்து சதவீதம் குறைக்கிறேன்."

8. முன்பணமும் தவணையும்

தொடங்கும் முன் 40 சதவீதம், வடிவமைப்புக்குச் சம்மதம் சொன்னதும் 30, தளம் அவருடைய டொமைனில் ஏறும் முன் 30. 23,500-க்கு இது 9,400, 7,050, 7,050. முன்பணம் கணக்கில் ஏறாமல் ஒரு பக்கமும் வரையாதீர்கள். தற்காலிக முகவரியில் காட்டுங்கள். கடைசித் தவணை வந்தபிறகு சொந்த டொமைனுக்கு மாற்றுங்கள்.

நல்ல நாள் பார்த்துத்தான் பலர் பணம் எடுப்பார்கள். ஆடியில் புது வேலை தொடங்கத் தயங்குவார்கள். ஆனியிலேயே பேசி முடித்துவிடுங்கள், அல்லது ஆவணி வரை பொறுத்திருங்கள். அதேபோல "ஆயுத பூஜைக்குத் திறந்துவிட வேண்டும்" என்று பத்து நாட்களுக்கு முன்னால் வருபவரிடம் 25 சதவீதம் கூடுதலாகக் கேட்பதில் தவறில்லை.

கெடுவை மூன்று வாரம் என்று எழுதினால், "எழுத்தும் படங்களும் முழுமையாகக் கைக்கு வந்த நாளிலிருந்து" என்று சேர்த்து எழுதுங்கள். வாடிக்கையாளரிடமிருந்து 30 நாட்கள் எதுவும் வராவிட்டால் அதுவரை செய்த வேலைக்குப் பில் போடப்படும் என்ற வரியும் இருக்கட்டும். பாதியில் நிற்கும் வேலைகள் பெரும்பாலும் "எங்களைப் பற்றி" பக்கத்துக்கு எழுத்து வராமல்தான் நிற்கின்றன.

9. பில், வரி, காகிதங்கள்

தனிநபராகவே, உங்கள் பெயரிலேயே பில் போடலாம். பான் கட்டாயம் வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு தேவை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி வாங்கக்கூடாது. "ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் தருவோம்" என்று ஒரே ஒருவர் சொல்கிறார் என்பதற்காகப் பதிவு எடுக்காதீர்கள். எடுத்தபின் வேலையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம்.

நிறுவனங்கள் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரியாக ஒரு பகுதியை, பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாம். அவர்களுடைய கணக்காளர் இந்த வேலையை எந்தப் பிரிவில் வைக்கிறார் என்பதைப் பொறுத்து 1, 2 அல்லது 10 சதவீதம். பான் தராவிட்டால் 20. இது போன பணமல்ல. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, தாக்கலின்போது திரும்பக் கேட்கலாம். இதைச் சமாளிக்க விலையை ஏற்ற வேண்டாம்.

குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை வேலை தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். ஆதார், பான் போதும். அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளமல்ல. இந்தப் பதிவு இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வாங்குபவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் நாள் குறிக்காவிட்டால் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி தர வேண்டும், அதுவும் கூட்டு வட்டி. இதற்கென உள்ள அரசுத் தளத்தில் புகார் தரலாம். டீக்கடையில் பழகிய அண்ணனிடம் இதைக் காட்ட வேண்டாம், உறவு கெடும். ஓசூர் நிறுவனங்களிடம் மட்டும் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து, இப்படிக் கெடு தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக அவர்களால் காட்ட முடியாது. இது அவர்களுடைய கணக்காளருக்கு நன்றாகவே தெரியும்.

10. ஒப்படைத்த பிறகு

கடவுச்சொற்கள், டொமைன், ஹோஸ்டிங் காலாவதித் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு பதில் வாங்குங்கள். பிழை திருத்தம் 30 நாட்களுக்கு இலவசம். போன் எண் மாற்றம், புதுப் படம் சேர்ப்பதெல்லாம் பிழையல்ல. அதற்கு ஆண்டுப் பராமரிப்பாக மொத்தத் தொகையில் 15 முதல் 20 சதவீதம் கேட்கலாம்: மாதம் ஒரு மணி நேர மாற்றம், காப்புப் பிரதி, மென்பொருள் புதுப்பிப்பு. வேண்டாம் என்பவரிடம், அழைக்கும்போதெல்லாம் குறைந்தபட்சம் 500 ரூபாய் என்று கொட்டேஷனிலேயே சொல்லிவைத்திருக்க வேண்டும்.

டொமைன் காலாவதிக்கு ஒரு மாதம் முன்பாக உங்கள் போனில் நினைவூட்டல் வைத்துக்கொண்டு நீங்களே அழையுங்கள். பராமரிப்பு எடுக்காதவரையும் அழையுங்கள். அடுத்த ஆண்டுக்கான பராமரிப்புத் தொகையைப் பேச அதுவே சரியான நேரம்.